எரிமலைக் கல்தானே என்று அமிலத்தில் போடாதீர்கள்

இந்த மாதமும் கெட்டுப்போன ஒரு கல்சைற் (கல்சியம் காபனேற்றுக் கனிமம்) கொத்து என் பரிசோதனை மேசைக்கு வந்தது. அஜந்தா, எல்லோரா பார்க்கப் போன குடும்பம் வாங்கி வந்தது. கரும்பாறைக் குழிக்குள் தேன் நிறத்தில் கூராக வளர்ந்த படிகங்கள், இப்போது முனை மழுங்கி வெளிறிக் கிடக்கின்றன. குளியலறை கழுவும் அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். "எரிமலைக்குள்ள வெந்து வந்த கல் அண்ணை, அதுக்கு இது என்ன செய்யும்?" என்று கேட்கிறார் அதைக் கொண்டுவந்த தம்பி.

இந்த நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். கல்சைற் எரிமலைக் குழம்பில் வேகவே இல்லை. அஜந்தா, எல்லோராப் பக்கத்துத் தக்காணப் பாறை ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு. அது இறுகியபோது உள்ளிருந்த வாயுக் குமிழிகள் வெறும் குழிகளாக நின்றுவிட்டன. பாறை ஆறிய பிறகு அந்தக் குழிகளுக்குள் ஊறிய நீர் படிய வைத்ததே கல்சைற். குழம்பின் சூடு 1,100 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதைவிடக் குறைந்த சூட்டிலேயே நம் ஊர்ச் சூளையில் சுண்ணக்கல் நீறிவிடுகிறது. கல்சைற் மட்டும் எப்படித் தாங்கியிருக்கும்?

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் பெரும்பாலும் இதே கனிமம்தான். கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கேத்தில் அடியில் படியும் வெள்ளையும் அதே கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ப் புளியில் அது நுரைத்துக் கரைவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பிறகு ஏன் அந்தப் புளியை இந்தக் கல்லில் தேய்க்கிறீர்கள்? வினாகிரியும் வேண்டாம். பரிசோதனைக்கு நாங்களே கண்ணில் படாத அடிப்பக்கத்தில் நீர்த்த அமிலம் ஒரு துளிதான் விடுவோம், உடனே கழுவியும் விடுவோம்.

சரி, தூசியை எப்படி எடுப்பது? மெல்லிய தூரிகை போதும். மண் ஒட்டியிருந்தால் மழைநீர், இல்லையென்றால் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர். கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். வெந்நீரில் போடாதீர்கள், கல் வெடிக்கும். நகைக்கடையில் நகை கழுவும் அதிர்வுத் தொட்டியில் போடவே கூடாது. மூன்று திசைகளில் சுலபமாகப் பிளக்கும் கல் இது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் இது 3 மட்டுமே, கத்தி முனையே கீறிவிடும். தயவுசெய்து மோதிரத்தில் பதித்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். தூக்கும்போது படிகத்தை விட்டுப் பாறைப் பக்கத்தைப் பிடியுங்கள்.

கரைந்த முனை திரும்ப வளராது. தேங்காயெண்ணெய் பூசினால் மினுக்கம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தூசி ஒட்டி இன்னும் கெடும். என்ன கறை என்று தெரியாவிட்டால் கையே வைக்காமல், பஞ்சில் சுற்றி அப்படியே கொண்டுவாருங்கள்.