நான்-ப்ராஃபிட் கன்சல்டன்ட்: சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் கோயிலோ தமிழ்ச் சங்கமோ முதியோர் இல்லமோ நடத்துவோர், பதிவு, வரிவிலக்கு, நன்கொடை விண்ணப்பம் ஆகியவற்றுக்காக அழைக்கும் வெளியாளை இத்தொடர் குறிக்கும். அமைப்பின் அன்றாடத் தொண்டில் இவருக்குப் பங்கில்லை. அத்தொண்டு தடையின்றி நடக்க வேண்டிய நிர்வாகக் குழு, விதிமுறை, கணக்கு, நிதித்திட்டம் ஆகியவற்றைச் சீர்ப்படுத்தித் தருவதையே தொழிலாகக் கொண்டு, அதற்குக் கட்டணமும் பெறுபவர் இவர்.

கன்சல்டன்ட் என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கொன்சுலேரெ' என்னும் வினை. அவ்வினை ஏற்கும் வேற்றுமையைப் பொறுத்துப் பொருளும் மாறும்: ஒருவரைக் கலந்து கேட்டல் என்பது ஒன்று, ஒருவரின் நலத்தைக் கருதிச் செயற்படுதல் என்பது மற்றொன்று. தொண்டமைப்புகளோடு பணியாற்றுவோருக்கு இரண்டாம் பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

நான்-ப்ராஃபிட் என்பதை 'இலாப நோக்கற்ற' என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு 71ஆம் எண் சட்டமோ (இத்தகைய அமைப்புகளுக்கான சட்டம்) நோக்கத்தோடு நில்லாமல் பகிர்வையும் வரையறுக்கிறது: பொதுநோக்கத்துக்காக நிறுவப்பட்ட அறக்கட்டளை, நிறுமம் அல்லது சங்கத்தின் வருவாயும் சொத்தும், செய்த பணிக்கான நியாயமான ஊதியமாக அன்றி, உறுப்பினருக்கோ பொறுப்பாளருக்கோ பகிர்ந்தளிக்கப்படலாகாது. ஆண்டிறுதியில் மிச்சம் வைத்திருப்பது குற்றமில்லை; அதைப் பங்கிட்டுக்கொள்வதே குற்றம். இதை அறியாமல், கையிருப்பு இருந்தால் பதிவு போய்விடும் என்று அஞ்சிக் கிடைத்த பணத்தையெல்லாம் அவ்வாண்டிலேயே செலவழித்துவிடும் குழு, அடுத்த ஆண்டு நன்கொடை குறையும்போது ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கத் தடுமாறும். நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் பதிவகத்துக்கு அறிக்கை அனுப்புவதையும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் நன்கொடையாளருக்கு வரிச்சலுகைச் சான்று வழங்கும் தகுதி பெறுவதையும் கன்சல்டன்ட் முதலில் சரிபார்ப்பார். 'இலாபம் பகிரா அமைப்பு' என்பதே துல்லியமான பெயர்ப்பாகும். எனினும் அன்றாட வழக்குக்குத் தொண்டமைப்பு என்பது போதும்.

இனி, கன்சல்டன்ட்டுக்கு எது தமிழ்? ஆலோசகர் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் வடமொழி வழிவந்த அச்சொல் காப்புறுதி விற்பவர் வரை பரவி நீர்த்துவிட்டது. அறிவுரைஞர் என்றால் புத்திமதி சொல்பவர் போல் ஒலிக்கும். பழைய சொல் ஒன்று உண்டு. 'சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்' என்னும் குறளில் (445) சூழ்வார் என்போர் ஆராய்ந்து வழிசொல்பவர். ஆயினும் சூழ்ச்சி என்பது இன்று சதியைக் குறிப்பதால், ஒரு கணக்குக் குழுவின் முன் 'சூழ்வார் வந்திருக்கிறார்' என்று அறிவிக்க யாரும் துணியமாட்டார். ஈழத்தமிழர் எழுத்தில் நிலைபெற்றுள்ள மதியுரைஞர் இந்தச் சிக்கல்களுக்கு வெளியே நிற்கிறது. ஆகவே 'தொண்டமைப்பு மதியுரைஞர்' என்பதையே பரிந்துரைக்கிறேன்.

இதனோடு சேர்ந்து வரும் 'சோஷியல் இம்பேக்ட்' என்பதைச் செய்தித்தாள்கள் சமூகத் தாக்கம் என்கின்றன. வெள்ளத்தையும் நோயையும் பற்றி எழுதும்போது அது சரி. ஒரு முதியோர் இல்லம் தன் ஆண்டறிக்கையில் எழுத வேண்டியது, சமூகப் பயன்.