பிள்ளையின் நோட்டில் தப்பு இருக்கட்டும்

வீட்டுப்பாட நோட்டைத் திறந்ததும் ஒரு தப்புகூட இல்லை என்றால் பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கும். எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக நான் வீட்டுப்பாடம் கொடுப்பதற்கு முதல் காரணம், வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளையால் தனியாகச் செய்ய முடிகிறதா என்று தெரிந்துகொள்வது. அது தெரியாமல் போனால், எழுத்து எத்தனை அழகாக இருந்தாலும் அந்தப் பக்கத்தால் பிள்ளைக்கும் பயன் இல்லை, எனக்கும் பயன் இல்லை.

ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். 52-இலிருந்து 28-ஐக் கழிக்க வேண்டும். விடை 24. இந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டால் மறுநாள் சில நோட்டுகளில் 36 என்று இருக்கும், சிலவற்றில் 34, சிலவற்றில் 80. மூன்றுமே தப்பு. ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை. 36 எழுதிய பிள்ளை, 2-இல் 8 போகாது என்று பார்த்ததும் தலைகீழாக 8-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. 'பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்' என்று பெரியவர்கள் எப்போதோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டதால் வந்த வினை. 34 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12-இல் 8 போனால் 4 என்று சரியாகவே போட்டிருக்கிறது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதைத்தான் மறந்துவிட்டது. 80 எழுதிய பிள்ளை குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறது.

முதல் பிள்ளையை உட்காரவைத்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்தால் என்ன ஆகிறது என்று முதலிலிருந்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். இரண்டாவது பிள்ளைக்கு 5-ஐ அடித்துவிட்டு மேலே 4 எழுதும் பழக்கம் வந்தால் போதும். மூன்றாவது பிள்ளை, கணக்கைத் தொடங்கும் முன் குறியை வட்டமிட்டுக்கொண்டால் சரியாகிவிடும். எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்பதை அந்தத் தப்பான விடைதான் எனக்குச் சொல்கிறது.

இப்போது வீட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ 36-ஐப் பார்க்கிறார்கள். "தப்பு, அழிச்சிட்டு 24-னு போடு" என்கிறார்கள். பிள்ளை ரப்பரால் அழித்துவிட்டு 24 எழுதுகிறது. மறுநாள் நான் சரி என்று குறி போடுகிறேன். அடுத்த வாரம் மூன்று இலக்கக் கழித்தல் வருகிறது. 402-இலிருந்து 156-ஐக் கழிக்கச் சொன்னதும் அதே பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "வீட்ல எல்லாம் கரெக்டாத்தானே போடுறான் மிஸ்" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் விடை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அது பிள்ளை கண்டுபிடித்த விடை இல்லை. டியூஷனில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதேதான். பெற்றோரே ஒட்டி வர்ணம் தீட்டி அனுப்பும் ப்ராஜெக்ட் அட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததையே கொடுத்தனுப்புங்கள்.

அப்படியானால் உதவியே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். விடையைச் சொல்லாமல், "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது பாதித் தப்புகளைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். கேட்டுவிட்டு உடனே வாயைத் திறக்காதீர்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, வாய் திறக்காமல் இருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். மௌனமாக இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று புரியும். அதற்குப் பிறகும் வராவிட்டால், அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள். அந்தக் கேள்விக்குறிக்காக நான் பிள்ளையைக் கடிந்துகொள்ள மாட்டேன்.

சொல்வதெழுதுதலிலும் இதே கதைதான். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதும் பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை. 'ள'வையும் 'ல'வையும் அதன் காது இன்னும் பிரித்துக் கேட்கவில்லை, அல்லது சொல்லும் நாம் நாக்கை மடித்துச் சொல்லவில்லை. 'கோடி'யைக் 'கொடி' என்று எழுதும் பிள்ளைக்குச் சிக்கல் குறில் நெடிலில். இரண்டு பேருக்கும் "பத்து தடவை எழுதிட்டு வா" என்பது மருந்து இல்லை. முதல் பிள்ளை வாயால் சொல்லிப் பழக வேண்டும். இரண்டாவது பிள்ளை நீட்டியும் குறுக்கியும் கேட்டுப் பழக வேண்டும்.

திரும்பத் திரும்ப எழுதவைப்பது பற்றி என் சக ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே விடையை இருபது முறை எழுதும் பிள்ளை, மூன்றாவது முறைக்குப் பிறகு படிப்பதே இல்லை. முதலில் எல்லா வரியிலும் முதல் சொல், பிறகு எல்லா வரியிலும் இரண்டாவது சொல் என்று மேலிருந்து கீழாக நிரப்பிக்கொண்டு போகும். கை வலிப்பதுதான் மிச்சம். அதைத் தண்டனையாகக் கொடுத்தால், எழுதுவது என்பதே தண்டனை என்று அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. பார்த்து எழுதுவதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே மனதில் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகமாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். சின்னப் பிள்ளைகளிடமும் நான் வகுப்பில் பார்ப்பது அதைத்தான். ஏழாம் வாய்ப்பாட்டை வரிசையாகப் பாட்டுபோல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் திடீரென்று "ஏழெட்டு?" என்று கேட்டால், ஏழொன்றில் தொடங்கித்தான் வருகிறது. அதனால் வாய்ப்பாட்டை எழுதிவரச் சொல்வதை விட்டுவிட்டேன். வரிசை மாற்றி ஐந்து கேள்வி கேளுங்கள், இன்று இரண்டு நிமிடம், நாளை மறுநாள் மறுபடி இரண்டு நிமிடம் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன். ஒரே நாளில் அரை மணி நேரம் உட்காரவைப்பதைவிட இப்படி இடைவெளி விட்டுக் கேட்பது நன்றாக நிற்கிறது.

தினமும் தவறாமல் நான் எதிர்பார்க்கும் ஒரே வீட்டுப்பாடம் வாசிப்பு. பத்துப் பதினைந்து நிமிடம், வாய்விட்டு. பாடப்புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், கொஞ்சம் எளிதானதை எடுங்கள். பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எழுத்துக் கூட்டிப் பார்க்கும், அல்லது வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வரும். அப்போதும் முடியாவிட்டால் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடுக்கலையும் பிடித்து நிறுத்தினால் கதை அறுந்துபோகும், பிள்ளைக்கு என்ன படித்தோம் என்றே தெரியாது. முடிந்ததும் கேள்வித்தாள் மாதிரி கேட்காமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். சரளமாகப் படித்தும் இதற்குப் பதில் வரவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எழுத்தை ஒலியாக்கத் தெரிந்திருக்கிறது, பொருள் பிடிபடவில்லை என்று நான் புரிந்துகொள்வேன். அதற்கு வகுப்பில் செய்ய வேண்டிய வேலை வேறு.

எத்தனை நேரம் என்பது எப்போதும் வரும் கேள்வி. "இன்னும் நிறைய ஹோம்வொர்க் குடுங்க மிஸ்" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நான் கொடுப்பதில்லை. ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1987 முதல் 2003 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் வலுவாகவும், ஆரம்ப வகுப்புகளில் மிகவும் பலவீனமாகவும் இருந்தது. வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கி அத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கைப் பல ஆசிரியர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம், ஐந்தாம் வகுப்புக்கு 50. என்னைக் கேட்டால் கீழ் வகுப்புகளில் வாசிப்பும் அந்த நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். நேரம் ஆனதும் பாதியில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு அழுதுகொண்டே எழுதும் கடைசி நாலு வரியில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொல்லியிருக்கிறது. தூங்காத பிள்ளைக்கு மறுநாள் காலை நான் சொல்வது எதுவும் ஏறாது.

வீட்டில் படித்தவர்கள் இல்லையே, நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று தயங்கித் தயங்கிப் பேசும் பெற்றோரிடம் நான் மிகுந்த மரியாதையோடு சொல்வது இதுதான்: பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை, அதை உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன். வீட்டில் பெரியவர் படித்திருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வீட்டுப்பாடத்தை ஆசிரியர் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் படித்த வீட்டுப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை நாமே அகலப்படுத்துகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிள்ளை படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக்குடு" என்று கேட்கலாம். தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியவைக்கும் பிள்ளை அதைச் சட்டென்று மறப்பதில்லை.

நான் எதிர்பார்க்கும் இன்னொன்று, "புரியலை மிஸ்" என்ற வார்த்தை. இதைச் சொல்லப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். வீட்டில் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, வகுப்பில் புரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொள்கிறது. "நீ புத்திசாலிடா கண்ணா" என்று எப்போதும் பாராட்டப்படும் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் வரும். கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் செய்து பார்த்தார்கள். அதனால் நோட்டைப் பார்க்கும்போது, "மூணு தடவை போட்டுப் பார்த்திருக்கே" என்று பிள்ளை செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வீட்டுப்பாடம் என்றாலே அழும் பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். கரும்பலகையிலிருந்து எழுதியது மட்டும் தப்புத் தப்பாக இருக்கிறதா, புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிக்கிறதா, அடிக்கடி தலைவலி என்கிறதா, முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையின் காதைச் சோதியுங்கள். வாயால் கேட்டால் சட்டென்று பதில் சொல்லும் பிள்ளை எழுத்தைப் பார்த்ததும் திணறினால், வரி விட்டு வரி தாவினால், ஏழெட்டு வயதுக்குப் பிறகும் எழுத்துகளை இடம் வலம் மாற்றிப் போட்டால், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். புத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தகுந்த நிபுணரிடம் மதிப்பீடு செய்து, அதற்கென்று உள்ள முறையில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை படிக்கும். வீட்டில் அரை மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்று நீங்கள் சொன்னால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியவரும். வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே எனக்குத் தெரிவது முடிந்த நோட்டு மட்டும்தான்.

ஆகவே நோட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கு விட வரும்போது வாயால் சொல்லுங்கள். 'இருபது நிமிடம் உட்கார்ந்தான். இரண்டு கணக்கைத் தானாகப் போட்டான், மூன்றாவதிலிருந்து தெரியவில்லை' என்பது போதும். மறுநாள் காலை அந்த மூன்றாவது கணக்கிலிருந்து நான் தொடங்கிக்கொள்கிறேன்.