'டெக்கரேஷன்' எண்ட சொல்லும் எங்கட 'வடிவு'ம்

திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு ஹோலுக்கு ஒரு எல் செற்றி, அதான் ஆங்கில 'L' எழுத்து மாதிரி மடிஞ்சு வாற சோபா, செய்விப்பம் எண்டு ஓடாவியார, அதான் தச்சர, கூப்பிட்டிருந்தன். போன்ல கிடந்த படத்தக் காட்டினன். அவர் கண்ணாடியப் போட்டு ரெண்டு விரலால படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டு, "பிள்ள, செற்றி வடிவுதான், ஆனா இந்த ஹோலுக்கு வடிவில்ல" எண்டார். ஏன் ஐயா எண்டு கேட்டதுக்கு ஒண்டும் சொல்லாம டேப்ப எடுத்து அளந்து நிலத்தில சோக்கால கோடு கீறினார், கீறி முடிய எனக்கே தெரிஞ்சிட்டுது, செற்றிக்கும் விறாந்தைக் கதவுக்கும் இடையில மிஞ்சுறது ஒண்டரை அடிதான், வாற ஆள் ஒவ்வொருத்தரும் சரிஞ்சுதான் உள்ளுக்கு வரணும்.

அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தில வடிவு எண்ட சொல் ரெண்டு தரம் வருது. முதல் வடிவு அழகு. ரெண்டாவது வடிவு பொருத்தம். இந்த ரெண்டுக்கும் நடுவில எங்கயோதான் 'டெக்கரேஷன்' எண்ட சொல்லின்ட கதையும் கிடக்கு, அதத்தான் இங்க எழுதப்போறன்.

முதல்ல நாங்க இதை எப்படிப் பாவிக்கிறம் எண்டு பாப்பம். கலியாண ஹோல் டெக்கரேஷன், பேர்த்டே டெக்கரேஷன், கேக் டெக்கரேஷன். இதுக்கெல்லாம் பழைய ஆக்கள் சொன்னது சோடனை. தேர் சோடிக்கிறது, மணவறை சோடிக்கிறது, பந்தல் சோடிக்கிறது. பூவும் லைட்டும் வச்சு ஒரு நாளுக்கு ஒரு இடத்த மாத்திறம், அடுத்த நாள் கழட்டிறம். அந்த வேலைக்கு சோடனை நல்ல சொல், அதில குறை இல்ல. பிரச்சினை எங்க வருதெண்டா, நாங்க 365 நாளும் இருந்து சாப்பிட்டு படுத்து எழும்புற வீட்டுக்கும் இதே நினைப்போட போறதுதான், வீட்டுக்கு டெக்கரேஷன் எண்டா எதையாவது வாங்கி ஒட்டுறது தொங்கவிடுறது எண்ட மாதிரி ஆகிப்போச்சு.

சொல்லின்ட வேர் அப்படிச் சொல்லேல்ல. டெக்கரேஷன் லத்தீன்ல 'டெகோராரே' எண்ட வினையில இருந்து வந்தது, அதுக்குப் பின்னால 'டெகஸ்', 'டெகோர்' எண்ட சொற்கள், அதுக்கும் கிட்டத்து உறவா 'டெகெட்' எண்ட வினை. டெகெட் எண்டா 'தகும்', 'பொருந்தும்'. நாங்க ஒராளப் பாத்து டீசன்டான மனுசன் எண்டு சொல்றம் இல்லையா, அந்த டீசன்டும் இதே வேரில இருந்து வந்ததுதான். அப்ப டெக்கரேஷனும் டீசன்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

கி.மு. 1ம் நூற்றாண்டில ரோமில இருந்த விட்ருவியஸ் எண்டவர் கட்டடக்கலை பற்றி பத்துப் புத்தகம் எழுதினவர். கட்டடக்கலைக்கு ஆறு அடிப்படை எண்டு சொல்லி அதில ஒண்டா இந்த 'டெகோர்' எண்டதையும் வச்சிருக்கார். அதுக்கு அவர் குடுத்த உதாரணத்தப் பாருங்க: படுக்கிற அறைக்கும் புத்தக அறைக்கும் வெளிச்சம் கிழக்கால வரணும், குளிக்கிற இடத்துக்கும் குளிர்காலத்தில இருக்கிற அறைக்கும் மேற்கால வரணும், படம் மாட்டுற அறைக்கு வடக்கால. இதுதான் அவருக்கு டெகோர். பூச்சாடியும் இல்ல, வோல்பேப்பரும் இல்ல. யன்னல் எந்தப் பக்கம் எண்டதே டெகோருக்குள்ள வருது. இதை முதல் தரம் வாசிச்சப்ப எனக்கு மெய்யாவே சந்தோசமா இருந்தது.

சரி, தமிழுக்கு வருவம். டெக்கரேஷனுக்கு நாங்க உடன போடுற சொல் அலங்காரம். அது வடசொல், அலம் எண்டதும் காரம் எண்டதும் சேர்ந்தது. அலம் எண்டா 'போதும்', 'போதுமான'. அப்ப அலங்காரம் எண்டா போதுமானதாக்கிறது, குறை இருந்தா அத நிரப்பி ஆயத்தமாக்கிறது. 'போதும்' எண்ட சொல்லில பிறந்த ஒண்ட நாங்க 'இன்னும் கொஞ்சம்' எண்ட பொருளில பாவிச்சுக்கொண்டிருக்கிறம்.

அடுத்தது அணி. நல்ல தமிழ்ச் சொல். நகைக்கும் அணி, செய்யுளுக்கும் அணி, கிரிக்கெட் டீமுக்கும் அணி. வரிசை, ஒழுங்கு எண்ட பொருளும் இதுக்குள்ள இருக்கு, படை அணிவகுத்து நிக்குது எண்டு சொல்றது அதாலதான். அப்ப ஒழுங்கா நிறுத்தினதும் அழகும் தமிழில ஒரே சொல்.

எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது ஒப்பனை. இண்டைக்கு இதை மேக்கப்புக்கு மட்டும் ஒதுக்கிட்டம். ஆனா இது 'ஒப்பு' எண்டதில இருந்து வாறது, ஒத்துப்போறது, ஈடாகிறது. சங்க இலக்கியத்தில நெடுநல்வாடையில நக்கீரர் ஒரு அரண்மனை கட்டுற விதத்த சொல்லுவார், ரெண்டு கோல நட்டு நிழலப் பாத்துத் திசை பிடிச்சு, நூல் தெரிஞ்ச ஆக்கள் நுணுக்கமா கயிறு போட்டு, கடைசியில 'பெரும்பெயர் மன்னர்க்கு ஒப்ப மனை வகுத்து' எண்டு முடிப்பார். ஒப்ப மனை வகுக்கிறது. இருக்கப் போற ஆளுக்கு ஒத்த மாதிரி இடத்தப் பிரிச்சுக் குடுக்கிறது. இண்டைக்கு ஸ்பேஸ் பிளானிங் எண்டு காசு குடுத்துப் படிக்கிறாங்க, அது இந்த மூண்டு சொல்லுக்குள்ள முழுசா இருக்கு.

அதே பாட்டில இன்னொண்டும் வருது. வாடைக் காலம் வந்திட்டுது, அதால விசிறிய சுருக்கித் தொங்கவிட்டாச்சு, அதில சிலந்தி நூல் கட்டியிருக்கு, தென்றல் வாற யன்னலெல்லாம் தாழ் போட்டுப் பூட்டியிருக்கு, குளிர்ந்த தண்ணி ஒருத்தரும் குடிக்கேல்ல. காலம் மாறினா வீட்டுக்கு உள்ளயும் மாறுது. திருகோணமலையில இருக்கிற ஆக்களுக்கு இதுக்கு உரை தேவையில்ல. கார்த்திகை மார்கழி வாடை மழைக்கு ஒரு வீடு, ஆனி ஆடியில தென்மேற்கால சூடா அடிக்கிற கச்சான் காத்துக்கு இன்னொரு வீடு, ரெண்டும் ஒரே சுவருக்குள்ளதான்.

இனி 'இன்டீரியர் டிசைன்'. இன்டீரியர் எண்டா லத்தீன்ல 'இன்னும் உள்ளே இருக்கிறது'. டிசைன் வந்தது 'டெசிக்னாரே' எண்டதில இருந்து, அடையாளம் போட்டுக் குறிக்கிறது. ஓடாவியார் சோக்கால நிலத்தில கீறினாரே, சொல்லின்ட நேர்ப் பொருள் அதேதான். டெக்கரேட்டர் வேற டிசைனர் வேற எண்ட பிரிவு பிறகு வந்தது. அமெரிக்காவில எல்சி டி வுல்ஃப் எண்ட பெண் 1905ல நியூயோர்க்கில ஒரு பெண்கள் கிளப்புக்கு உள்ளக வேலை எடுத்துச் செய்தவ, இதை ஒரு தொழிலாவே செய்த முதல் ஆக்களில அவவச் சொல்லுவாங்க. 1931ல அங்க இந்தத் தொழில் ஆக்கள் சேர்ந்து சங்கம் தொடங்கேக்க பேரில 'டெக்கரேட்டர்ஸ்' எண்டுதான் இருந்தது, 1975ல புதுச் சங்கமா இணையேக்க பேரில 'டிசைனர்ஸ்' எண்டுதான் இருந்தது. இண்டைக்கு பொதுவா எடுத்தா, டெக்கரேட்டர் நிறம் துணி தளபாடம் பாப்பார், டிசைனர் சுவர் எங்க வரணும் ஆள் எப்படி நடக்கணும் வெளிச்சம் வயர் தண்ணி எல்லாம் பாப்பார்.

தமிழில இதுக்கு இந்தியாவில உள் அலங்காரம், உட்புற வடிவமைப்பு எண்டு எழுதுவாங்க. எங்கட பக்கம் உள்ளக எண்ட சொல் நல்லாப் பழகிட்டுது, உள்ளக விளையாட்டரங்கு, உள்ளகக் கணக்காய்வு எண்டெல்லாம் சொல்றம்தானே. அதால உள்ளக வடிவமைப்பு எண்டு சொன்னா ஒருத்தருக்கும் விளங்காமப் போகாது. நான் இதத்தான் சரியெண்டு சொல்லுவன். காரணம் முன்பாதியில இல்ல, பின்பாதியில இருக்கு.

வடிவு எண்டா உருவம், அழகு எண்டு ரெண்டும் பழைய இலக்கியத்திலயே இருக்கு. ஆனா இலங்கைத் தமிழில அதுக்கு மூண்டாவது பொருளும் இருக்கு. "வடிவாப் பாருங்கோ", "வடிவாச் சாப்பிடு", "எனக்கு வடிவாத் தெரியும்" எண்டா நல்லா, சரியா, முழுசா. அழகும் சரியும் எங்கட வாயில ஒரு சொல். அமைப்பு எண்டதுக்குள்ள இருக்கிற 'அமை'யும் அப்படித்தான், 'நீரின்றி அமையாது உலகு' எண்ட குறளில வாற அமை. பொருந்துறது, நிறையிறது, போதுமாகிறது எல்லாம் அதுக்குப் பொருள். லத்தீன்ல டெகோர், வடமொழியில அலம், தமிழில ஒப்பு, அமை. ஒண்டுக்கொண்டு சொல்லி வச்ச மாதிரி எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வருது.

அப்ப என்ட பங்குக்கு நான் இப்படிப் பாவிக்கிறன்: டிசைனுக்கு உள்ளக வடிவமைப்பு, டெக்கரேட்டிங்குக்கு வீட்டு ஒப்பனை, ஒரு நாள் விசேஷத்துக்கு சோடனை. அலங்காரத்த சாமிக்கு விட்டிடலாம், அம்மனுக்கு அலங்காரம் எண்டு சொல்லேக்க அந்தச் சொல் அதின்ட இடத்தில நிறைஞ்சு நிக்குது.

இதில இருக்கிற அடிப்படை விதிகளுக்கும் தமிழ் தேடி அலையத் தேவையில்ல. புரப்போர்ஷன் எண்டதுக்கு நாங்க பள்ளிக்கூடத்தில படிச்சது விகிதசமம், கணக்குக்கு அது சரி. வீட்டுக்கு நான் தகவு எண்டு சொல்லுவன். தகு எண்ட வேர், தகுதியும் தக்கதும் வாற அதே வேர், அறிவியல் தமிழில விகிதத்துக்கும் தகவு எண்டு எழுதுவாங்க. தகவ கையில பிடிச்சுப் பாக்கணும் எண்டா அளவு நாடாவ எடுங்க. சாப்பாட்டு மேசை 30 அங்குலம் உயரம், கதிரை இருக்கை 18 அங்குலம், ஒராளுக்கு மேசை விளிம்பில 24 அங்குலம் வேணும், செற்றிக்கும் முன்னால வைக்கிற சின்ன மேசைக்கும் இடையில 18 அங்குலம், ஆக்கள் அடிக்கடி நடக்கிற வழி 3 அடி. இந்த இலக்கமெல்லாம் சும்மா வந்ததில்ல, எங்கட முழங்காலும் முழங்கையும் தோளும் குடுத்த இலக்கம். எங்கட ஹோலில ஒண்டரை அடிதான் மிஞ்சும் எண்டு ஓடாவியார் கீறிக் காட்டினது, அந்த 3 அடியில சரிபாதி போச்சு எண்டதுதான்.

பலன்ஸுக்கு சமநிலை போதும். ரிதம், கொன்ட்ராஸ்ட் எண்டதுகளுக்கு யாப்பில இருந்து எடுக்கலாம் எண்டு எனக்கு ஆசை. ஒரு நிறமோ ஒரு கோடோ கொஞ்சத் தூரம் தள்ளித் திரும்பத் திரும்ப வந்தா அது எதுகை, எதிர் எதிரானது பக்கத்தில நிண்டா முரண், எல்லாம் சேர்ந்து கோத்தது தொடை. பூமாலைக்கும் தொடைதான். ஹார்மனிக்கு இசைவு, அதைப் பற்றி ஒண்டும் சொல்லத் தேவையில்ல.

இப்ப ஒரு கேள்வி வரும். இவ்வளவு தமிழ் பாக்கிறீங்களே, அப்ப செற்றி, அலுமாரி எல்லாத்தையும் என்ன செய்யிறது? நான் அதில கை வைக்கமாட்டன். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி எல்லாம் போர்த்துக்கீசர் வழியா வந்தது. 1620களில கோணேசர் கோயில இடிச்சுக் கோட்டை கட்டின அதே ஆக்கள்தான். 1639ல ஒல்லாந்தர் அதைப் பிடிச்சாங்க, அவங்கட மொழியில இருந்து வந்தது லாச்சி (மேசை இழுப்பறை), கந்தோர் (அலுவலகம்). வீட்டுக்குள்ள எந்தப் பொருள் எப்ப வந்தது எண்டதுக்கு அந்தச் சொற்களே சாட்சி. நிலத்தில பாய் போட்டு இருந்த ஆக்களுக்கு மேசையும் கதிரையும் புதுசு, பேரும் புதுசா வந்தது. கட்டில், கதவு, திண்ணை, முற்றம் எல்லாம் எங்களிட்ட ஏற்கெனவே இருந்தது, பேரும் அப்படியே இருக்கு. தளபாடம் எண்டதும் ஒரு வடிவான சொல், இந்தியாவில தளவாடம் எண்டா பொதுவா கருவி, உபகரணம், இங்க தளபாடம் எண்டா மேசை கதிரை.

ஆனா யன்னலுக்கு மட்டும் ஒரு பழைய சொல்ல ஞாபகப்படுத்தணும், காலதர். கால் எண்டா காத்து, அதர் எண்டா வழி. சிலப்பதிகாரத்தில 'மான்கண் காலதர்' எண்டு வருது, மான் கண் வடிவில துவாரம் வச்ச யன்னல், கோட்டை வாசலுக்குள்ள புள்ளிமான் திரியிற ஊரில இந்தச் சொல்லக் கேட்டா உடன கண்ணுக்குள்ள வரும். ஆங்கிலத்தில விண்டோ எண்டதும் பழைய நோர்ஸ் மொழியில 'காத்துக்கண்' எண்டுதான் பொருள். நான் இதில அடிபட்டதாலதான் சொல்றன். முந்தி எங்கட முன் அறைக்கு ஒருத்தர் இன்டீரியர் செய்து தாறன் எண்டு வந்து, சீலிங்க ஒரு அடி கீழ இறக்கி, கடல் பக்கத்து யன்னல திறக்கேலாத முழுக் கண்ணாடியாக்கி விட்டார். படத்தில பாத்தா அவ்வளவு அழகு. கச்சான் மாசம் வந்தவுடன அந்த அறைக்குள்ள பகலில இருக்கேலாமப் போச்சு, கரண்ட் நிண்டா இரவிலயும் இல்ல. உப்புக் காத்துக்கு அலங்கார இரும்புப் பிடியெல்லாம் ஒரு வருஷத்தில துருப்பிடிச்சு சுவரில மண்ணிறக் கோடு இறங்கிட்டுது. அந்த அறைய பிறகு உடைச்சுத் திருத்த எங்களுக்குப் போன காசு முதல் செலவவிடக் கூட. விட்ருவியஸ் யன்னலின்ட திசைய ஏன் டெகோருக்குள்ள வச்சார் எண்டு அந்த ஆனி மாசம் எனக்கு விளங்கிட்டுது.

எல் செற்றி செய்யேல்ல. ஓடாவியார் சுவரோட சேர்த்து ஒரு நீள வாங்கும், கையால தூக்கி விறாந்தைக்குக் கொண்டு போகக்கூடிய மாதிரி ரெண்டு கதிரையும் வேப்ப மரத்தில செய்து தந்தார். பின்னேரம் கடல் காத்து அடிக்கத் தொடங்கினவுடன அம்மா முதல் கதிரையத் தூக்கிக்கொண்டு வெளிய போயிடுவா.