மறுகால் தண்ணீரைக் கிணற்றில் விடும் முன்

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிணறு. ஐப்பசி மழையில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலாகப் பாய்ந்தபோது, ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து நேராகக் கிணற்றுக்குள் விட்டிருந்தார் அந்த அண்ணாச்சி. மூன்றே நாளில் கிணறு நிரம்பிவிட்டது. ஊரே வந்து பார்த்தது.

சித்திரையில் என்னைக் கூப்பிட்டார். “தண்ணி விட்ட கிணறு சார், முன்ன மாதிரி ஊறவே மாட்டேங்குது.” இறங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வண்டல். கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் போட்ட சைடு போர் வாய்க்குள் விரலை விட்டால் களிமண் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊற்றுக்கண் மொத்தமும் அடைத்துக் கிடந்தது.

நிலத்தடி நீர் வேலையில் இருக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் அல்லவா?

எல்லோர் மனசிலும் திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணறு இருக்கிறது. 2021 மழையில் வாரக்கணக்கில் வெள்ளத்தை விட்டும் அது நிரம்பவில்லை. சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து அரித்து உள்ளுக்குள் வழி உண்டாக்கியிருக்கிறது. நம் மாவட்டத்தில் பெரும்பாலான கிணறுகள் கருங்கல் பாறையில் வெட்டியவை. அங்கே தண்ணீர் போக வெடிப்புகள் மட்டுமே வழி. அதுவும் அடைத்தால் கதை முடிந்தது.

சரி, என்ன செய்வது? வெள்ளத்தின் முதல் தண்ணீரைக் கிணற்றுக்கு எடுக்காமல் ஓடையிலேயே போகவிடுங்கள். செம்மண், உரம், பூச்சிமருந்து, சாணி எல்லாம் அதில்தான் கரைந்து வரும். மறுகால் பாய்ந்து நாலைந்து நாளில் தண்ணீர் தெளியும், அதை எடுங்கள். கிணற்றுக்கு முன்னால் இரண்டு தொட்டி வேண்டும். முதலாவதில் தண்ணீர் நின்று மண் படியட்டும். இரண்டாவதில் அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே ஆற்று மணல். அங்கிருந்து குழாயைக் கிணற்றுக்குள் நீர்மட்டம் வரை இறக்குங்கள். மேலிருந்து கொட்டினால் மண்சுவர் சரியும். வருஷா வருஷம் மேல் மணலைச் சுரண்டி மாற்ற வேண்டும். இதை மறந்தால் தொட்டி கட்டியும் பிரயோஜனமில்லை.

ஒரு கணக்கு: ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். அதில் கொஞ்சத்தைக் கிணற்றில் சேர்த்தாலே பிசான நெல் அறுத்த பின் ஒரு உளுந்துப் பயிருக்குத் தண்ணீர் கிடைக்கும்.

ஆனால் குளம் நிரம்பும் முன்பே ஓடையை மறித்துவிடாதீர்கள். கீழே இருக்கிறவரின் வயலும் நம் வயல்தான். குளம் நிரம்பித் தேங்கிக் கிடப்பதே பெரிய ஊறல். அதனால் கிணற்றைவிட முதலில் கவனிக்க வேண்டியது, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான். தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாய் வழியாக எடுத்து நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் கொண்டுபோக 2009-ல் வெள்ளநீர்க் கால்வாய் வேலை தொடங்கியது. கால்வாயில் தண்ணீர் வந்தாலும், உடைமரம் மூடிய வரத்துக்காலில் அது நம் குளத்துக்கு எப்படி வந்து சேரும்?

கடலோரக் கிணறுகளுக்கு இது இன்னும் அவசரம். அளவுக்கு மீறி இறைத்ததில் பல இடங்களில் உப்பு ஏறிவிட்டது. நல்ல தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் அந்த உப்பு பின்வாங்கும்.

அந்த அண்ணாச்சி கோடையிலேயே கிணற்றைத் தூர்வாரி, சைடு போரையும் கழுவிவிட்டார். வண்டலைத் தென்னை மூட்டில் போட்டார். போன வாரம் போனபோது இரண்டாவது தொட்டிக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தார்.