கீலா: கொடுக்கா, கவையா?

நண்டு, இறால் பற்றிய நூல்களில் ‘கீலா’ என்று வருவது, நுனியில் இரு விரலாகப் பிளந்து கவ்வும் உறுப்பு. வேர், ‘கேலே’ என்ற கிரேக்கச் சொல். மாட்டின் பிளவுக் குளம்புக்கும் அங்கே அதே பெயர்தான். பிளந்திருப்பதே சொல்லின் கரு.

பேச்சில் ‘கொடுக்கு’ என்கிறோம். ஆனால் தேளின் கொடுக்கு வாலில் உள்ள நச்சு முள். தேளுக்கு முன்பக்கம் கீலாவும் உண்டு. இரண்டையும் கொடுக்கு என்றால் எது எதுவென்று தெரியாது. ‘இடுக்கி’ கருவியின் பெயர். சங்கப் பாடலோ நண்டைக் ‘கவைத்தாள் அலவன்’ என்கிறது. கவை என்றால் பிளவு. கவட்டைக் குச்சியில் இன்றும் வாழும் சொல். கீலாவுக்குக் கவை, அதைத் தாங்கும் முழுக்காலான ‘கீலிபெட்’டுக்குக் கவைத்தாள் என்பதே சரி. கீலிபெட்டின் பின்பாதிக்கும் லத்தீனில் கால் என்றுதான் பொருள்.

கவையால் வெடிச்சத்தம் எழுப்பும் துப்பாக்கி இறாலில் இந்தச் சொல் நன்றாகவே உழைக்கும். 1818இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் சே அமெரிக்க இனமொன்றுக்கு வைத்த பெயர் ‘ஆல்பியஸ் ஹெட்டரோகீலிஸ்’. பொருள் ‘வேறுபட்ட கவை’: ஒரு பக்கம் பெருங்கவை, மறுபக்கம் சிறுகவை. அதன் பெருங்கவை ஏறக்குறைய பாதி உடல் நீளம். அசையும் விரலில் ஒரு முளை, அசையா விரலில் அதற்கேற்ற குழி. விரல் படாரென்று மூடும்போது முளை குழிக்குள் இறங்கி, உள்ளிருக்கும் நீரைப் பீய்ச்சுகிறது. அந்த வேகத்தில் உருவாகும் குமிழி நொறுங்கும்போதுதான் வெடிச்சத்தம் வருகிறது; விரல்கள் மோதுவதால் அல்ல.

ஆண், பெண் வேறுபாட்டுக்குச் சிறுகவையைப் பாருங்கள். இந்த இனத்தின் ஆணில் அசைவிரல் அகன்று, ஓரமெங்கும் மயிர் வரிசை கட்டியிருக்கும். இவ்வடிவத்தை ‘பலீனிசெப்ஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘திமிங்கிலத் தலை’. தமிழில் ‘மயிர்விளிம்புக் கவை’ என்றால் பார்த்ததுமே புரியும். பெண்ணின் விரல் ஒடுங்கி, விளிம்பு மயிரின்றி இருக்கும். எல்லா இனத்துக்கும் இதை நீட்டக் கூடாது. சிலவற்றில் இருபாலுக்கும் மயிர்விளிம்பு உண்டு, சிலவற்றில் இரண்டுக்குமே இல்லை.

இடம், வலம் பார்த்தும் இனம் பிரிக்க வேண்டாம். பெருங்கவை எப்பக்கமும் இருக்கலாம். அது முறிந்தால், அடுத்தடுத்த தோலுரிப்புகளில் எதிர்ப்பக்கச் சிறுகவை பெருங்கவையாக வளரும். முறிந்த இடத்தில் புதிய சிறுகவை முளைக்கும். இடைநிலையில் பிடிபட்ட இறாலில் முளை அரைகுறையாக இருக்கும், மயிர் வந்திராது. ஆணைப் பெண் என்று குறித்துவிடுவது இங்கேதான். வயிற்றின் கீழுள்ள இரண்டாம் நீந்துகாலின் உட்கிளையை விலக்கிப் பாருங்கள்: ஆணுக்கு அங்கே கூடுதலாக ஒரு சிறு நீட்சி உண்டு. அது கவையோடு மாறுவதில்லை.

பிடித்த இறாலைப் பாதுகாக்க உயிரோடு நேரே ஆல்கஹாலில் போட்டால் கவைத்தாளை உதறிவிடும். முதலில் கடல்நீரைக் குளிரவைத்து மந்தமாக்கி, ஒரு குப்பிக்கு ஓர் இறால் என்று தனித்தனியே போடுங்கள். சேர்த்துப் போட்டால் கழன்ற கவை யாருடையது என்று பிறகு சொல்ல முடியாது.