சின்னக் கடல் தொட்டிக்குள்ள கடலட்டை விடாதேங்கோ

கிளிநொச்சியில ஒரு வீட்டில இருந்து விடியக் காலம ஆறு மணிக்குக் கோல், "அண்ணை, தொட்டியில எல்லாம் செத்துப் போச்சு" எண்டு அந்தத் தம்பி அழாக்குறையாச் சொன்னார். போய்ப் பாத்தா ரெண்டடித் தொட்டி, கல்லு மண்ணெல்லாம் கழிச்சா 50 லீட்டர் தண்ணி தான் இருக்கும், ரெண்டு கிளவுன் மீனும் ஒரு இறாலும் அடியில கிடக்குது, தண்ணியைச் சுத்த விடுற பவர்ஹெட் பம்மின்ர வாயில பாதி உறிஞ்சுப்பட்டபடி ஒரு கடலட்டை. பூநகரிப் பக்கம் தொழில் செய்யிற மாமா குடுத்தவராம், மண்ணைத் திண்டு துப்பரவாக்கும் எண்டு.

மாமா சொன்னது பொய்யில்லை. அட்டை மண்ணை விழுங்கி அதில இருக்கிற அழுக்கைச் சாப்பிட்டிட்டு மண்ணைத் திரும்ப விடும், கடலில அது தான் அதின்ர வேலை. ஆனா அதுக்கு ரெண்டடித் தொட்டி மண் காணவே காணாது, கொஞ்ச நாளில சாப்பாடில்லாமச் சுருங்கத் தொடங்கிடும், அதை விடப் பெரிய பிரச்சினை என்னெண்டா காயப்பட்டாலோ பயந்தாலோ குடலையும் வெளிய தள்ளி ஹோலோத்தூரின் எண்டிற விசத்தையும் விட்டிடும். கடலில அது கரைஞ்சு போயிடும். 50 லீட்டரில எங்க கரையிறது?

நான் தொட்டி போட்டுக் குடுத்துப் பராமரிக்கிறதைத் தொழிலாச் செய்யிறன், வன்னியில கனபேர் இப்ப கடல் தொட்டி வைக்க ஆசைப்படினம், சந்தோசம் தான், ஆனா துப்பரவாக்கிற உயிர்களைத் தும்புத்தடி மாதிரி நினைச்சு வாங்கிறதைப் பாக்க எனக்கு உண்மையாவே கவலையா இருக்கு. அதுகளும் சாப்பிட்டு உயிர் வாழ வேணும். தொட்டியில அதுக்குரிய சாப்பாடு இருக்கோ எண்டு பாத்துத் தான் விட வேணும். மண்ணைக் கிளறுற நட்சத்திர மீனும், பாசி தின்னுற, ஓடில்லாத நத்தை மாதிரியான கடல் முயலும் இதே கதை தான், சின்னத் தொட்டியில பட்டினியாச் சாகும், வேண்டாம்.

சின்னத் தொட்டிக்கு நான் முதல் சொல்லுறது ட்ரோக்கஸ் நத்தை. கண்ணாடியில படியிற பச்சைப் படலத்தையும் கல்லில இருக்கிற பாசியையும் நல்லா வழிச்சுச் சாப்பிடும், எல்லாத்தையும் விட முக்கியம் கவிண்டு விழுந்தா தானே காலை நீட்டி மண்ணை ஊண்டி நிமிரும். அஸ்ட்ரியா நத்தையும் நல்ல வேலைகாரன் தான், ஆனா மண்ணில மல்லாக்க விழுந்தா அதால எழும்பேலாது, நீங்கள் கண்டு நிமித்தி விடாட்டி அப்பிடியே கிடந்து செத்திடும், வேலைக்குப் போய்ப் பின்னேரம் வாற ஆக்களுக்கு அது சரிவராது.

மண்ணுக்கு நஸாரியஸ். பகலில ஒண்டுமே தெரியாது, மண்ணுக்கு மேல தும்பிக்கை மாதிரி ஒரு சின்னக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டு நிக்கும், ஒரு துண்டு இறாலைப் போட்டுப் பாருங்கோ, மணம் பட்ட உடன மண் வெடிச்சு அங்கயும் இங்கயுமா எழும்பி வரும், எனக்கு இண்டைக்கும் அது அலுக்காத காட்சி. இது பாசி தின்னாது, மிஞ்சின தீனும் செத்ததும் தான் சாப்பாடு, அதால மீன் குறைஞ்ச தொட்டியெண்டா கிழமைக்கு ஒருக்கா இறால் துண்டு போட வேணும்.

சங்குக்குள்ள குடியிருக்கிற ஹெர்மிட் நண்டைப் பிள்ளையளுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனா அது வளர வளர வீடு மாத்தும், வெறுஞ்சங்கு இல்லாட்டி நத்தையைக் கொன்று போட்டு அதின்ர சங்கைப் பிடிச்சிடும். ஒண்டோ ரெண்டோ போதும், கூடவே அளவு வித்தியாசமான அஞ்சாறு வெறுஞ்சங்கு போட்டு விடுங்கோ.

எத்தினை வேணும் எண்டு தான் எல்லாரும் கேக்கினம். புதுத் தொட்டியில கழிவால வாற விசங்களான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்த பிறகு, கண்ணால பாசி தெரியத் தொடங்கின பிறகு, ரெண்டு ட்ரோக்கஸும் ரெண்டு நஸாரியஸும். அவ்வளவு தான். ஒரு மாசம் பாத்திட்டு, பாசி மிஞ்சினா இன்னும் ஒண்டு. கடையில 20 நத்தைப் பக்கெற் வாங்கி விட்ட ஒரு தொட்டிக்கு நான் போனனான், பாசி ரெண்டு கிழமையில முடிஞ்சு நத்தையள் ஒண்டொண்டாச் செத்து, அந்த அழுகலால அமோனியா ஏறி மீனும் போச்சு. சந்தேகமா அசையாமக் கிடக்கிற நத்தையைத் தூக்கி மணந்து பாருங்கோ, செத்ததெண்டா அந்த நாத்தம் சொல்லும், உடன எடுத்திடுங்கோ.

சிவப்பாச் சளி மாதிரிப் படருறதை எந்த நத்தையும் பெரிசாத் தொடாது, அதுக்குத் தீனைக் குறைச்சு, தண்ணி மாத்தி, ஓட்டத்தைக் கூட்ட வேணும். கிணத்துத் தண்ணியைத் தொட்டிக்கு விடாதேங்கோ, வயலுக்குப் பக்கத்துக் கிணறெண்டா பசளையும் இறங்கியிருக்கும், அது தான் பாசிக்குச் சாப்பாடு. இப்ப எங்கட ஊருகளில குடிக்க ஆர்ஓ எண்டு வடிகட்டின தண்ணி விக்கினம் தானே, அதையே பாவியுங்கோ. சோளகம் வீசிற காலத்தில தண்ணி சரசரவெண்டு வத்தும், ஆனா உப்பு வத்தாது, 50 லீட்டரில 5 லீட்டர் வத்தினா ஆயிரத்துக்கு 35 பங்கா இருந்த உப்பு 39க்குக் கிட்டப் போயிடும், மீன் தாங்கினாலும் நத்தை கதவை மூடிக்கொண்டு படுத்திடும். வத்தினதுக்கு ஒவ்வொரு நாளும் உப்பில்லாத அந்த ஆர்ஓ தண்ணி தான் விட வேணும், கடல் தண்ணி இல்லை. மாரியில கரையில அள்ளுற தண்ணியில மழை வெள்ளம் கலந்து உப்புக் குறைஞ்சிருக்கலாம், அளக்காம ஊத்தாதேங்கோ, தண்ணியின்ர அடர்த்தி 1.025 இருக்க வேணும்.

புதுசா வாங்கின நத்தையைப் பையோட தூக்கிக் கொட்டவும் வேண்டாம். சின்னக் குழாயில முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒரு மணித்தியாலமாவது நத்தை இருக்கிற தண்ணிக்குள்ள விடுங்கோ. மீனுக்கு வருத்தம் எண்டு கடையில தாற மருந்தில செம்பு இருக்கோ எண்டு கேளுங்கோ, செம்பு பட்டா நத்தை, நண்டு, இறால் ஒண்டும் மிஞ்சாது, வருத்தக்கார மீனை வேற வாளியில வைச்சுத் தான் மருந்து போட வேணும்.

முல்லைத்தீவுக் கரையில பொறுக்கின சங்கைக் கொண்டு வந்து விடலாமோ எண்டும் கேக்கினம். என்ன சாதியெண்டு தெரியாட்டி வேண்டாம். சிலது மற்ற நத்தையளைத் துளைச்சுத் தின்னும், கூம்பு மாதிரி வடிவான சங்குகளில சிலதுக்கு ஆளையே கொல்லுற விசம் இருக்கு, வடிவா இருக்கெண்டு பிள்ளையளைக் கையில எடுக்க விடாதேங்கோ. முருகைக்கல்லும் உடைக்காதேங்கோ, அது சட்டப்படி குற்றம்.

அந்தத் தம்பியின்ர தொட்டியை முழுசாக் கழுவி, புதுத்தண்ணி விட்டு, மீனில்லாம ஆறு கிழமை ஓட விட்டனாங்கள். இப்ப ரெண்டு ட்ரோக்கஸ் நிக்குது, அவர் ராவில டோச் அடிச்சு அதுகள் கண்ணாடியில விட்டுப்போற வழியைப் படமெடுத்து எனக்கு அனுப்புறார்.