இன்ஹேலருக்கும் டாக்டர் சீட்டு வேண்டும்: ஆன்லைனில் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

வீட்டில் இருக்கும் இன்ஹேலர் அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். லேபிளில் 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் சில்லறையில் விற்கலாம் என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். சால்பியூட்டமால், பியூடசோனைடு போன்ற ஆஸ்துமா மருந்துகள் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில், சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்-இல் வருகின்றன. கடையில் வாங்கினாலும் செல்போனில் ஆர்டர் போட்டாலும் விதி ஒன்றுதான்.

சீட்டு என்றால் என்ன என்பதையும் அதே விதிகளில் 65-ஆவது விதி சொல்லிவிடுகிறது. மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுபடி வாங்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தர வேண்டும். எழுதிய மருந்து இல்லையென்று வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது. மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் பதிவேற்றுகிறார்களே, அது சீட்டு காட்டிய கணக்கில் சேராது.

ஆன்லைன் மருந்து விற்பனையே சட்டப்படி சரியா என்ற கேள்வி தனி. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கென வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த டிசம்பரில் உரிமம் இல்லாத ஆன்லைன் விற்பனைக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. சில நாட்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் தடை விதித்தார். 2019 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தனி நீதிபதியின் தடையை நிறுத்திவைத்தது. கொரோனா வந்த பிறகு, 2020 மார்ச் 26 அறிவிப்பு உரிமம் பெற்ற கடைகள் வீடு தேடி மருந்து தர வழிவிட்டது. அதிலும் நிபந்தனைகள் இருந்தன: சீட்டு நேரிலோ மின்னஞ்சலிலோ வர வேண்டும், நாள்பட்ட நோய்க்கான சீட்டு என்றால் எழுதி 30 நாளுக்குள் காட்ட வேண்டும், கடை இருக்கும் வருவாய் மாவட்டத்துக்குள்தான் மருந்து போக வேண்டும். நீதிமன்றங்களில் நடந்த சண்டையெல்லாம் யார் விற்கலாம் என்பதைப் பற்றித்தான். சீட்டு வேண்டாம் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால், காரணம் மூச்சுக்குழாயில் இருக்கிறது. சால்பியூட்டமால் சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும். இளைப்பு அடங்கியதும் நோயே போய்விட்ட மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அதை அடக்குவது தினமும் இழுக்க வேண்டிய, பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜினா, வயது வந்தோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று 2019-லேயே சொல்லிவிட்டது. 200 முறை அடிக்கக்கூடிய சால்பியூட்டமால் டப்பா வருஷத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்கிறது அதே வழிகாட்டி. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் வந்த அறிக்கையும் இதைத்தான் காட்டியது. இறக்கும் காலத்தில் இந்த வகை இன்ஹேலர் எழுதித் தரப்பட்டிருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, முந்தைய ஒரு வருஷத்தில் பன்னிரண்டுக்கு மேல் கொடுக்கப்பட்டிருந்தது.

ஆக, சீட்டு என்பது டப்பாக்களை எண்ணுகிற கணக்குப் புத்தகம். நம் ஊர் மருந்துக்கடைகளில் காலி டப்பாவைக் காட்டினாலே புதிதாக எடுத்துத் தருவதும் உண்டு. அதுவும் விதிமீறல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே முகம் தெரிந்த ஒருவர், "போன வாரம்தானேண்ணே வாங்கிட்டுப் போனீங்க, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. சீட்டே கேட்காத தளத்தில் அந்தக் கேள்வி வராது. ஆஸ்திரேலியாவில் சால்பியூட்டமாலைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கும் மருந்தாளுநரிடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

பெயர் பாதி ஒத்துப்போகிற மருந்து வந்து சேர்வது இன்னொரு சிக்கல். பியூடசோனைடில் 100, 200, 400 மைக்ரோகிராம் என்று பல அளவுகள் உண்டு. பொடி அடைத்த கேப்ஸ்யூலை அதற்கான கருவியில் போட்டு இழுக்க வேண்டும். கேப்ஸ்யூல் மட்டும் பார்சலில் வந்தால், மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சால்மெட்ரால் போல நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தை ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுப்பது ஆபத்து. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் சொந்தப் பயன்பாட்டு இறக்குமதிக்கென உள்ள விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

சீட்டுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும் என்பதில்லை. 2020-இன் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, ஏற்கெனவே நடக்கும் ஆஸ்துமா சிகிச்சைக்கு மருத்துவர் வீடியோவில் பார்த்தே மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். மருத்துவரின் பதிவு எண் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் இந்த ஆலோசனை இலவசம். சால்பியூட்டமால் இன்ஹேலர் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு அதற்கு உச்சவிலை வைத்திருக்கிறது. மக்கள் மருந்தகத்திலும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலையைக் கேட்டுப் பாருங்கள். ஆன்லைன் தள்ளுபடி அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம். பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ பத்து நிமிட டெலிவரியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, சந்தேகமாக இருக்கிறது என்றால் பில்லில் கடையின் உரிம எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), காலாவதித் தேதி இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டவணை எச்2-இல் உள்ள 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு தயாரானவற்றில் கியூஆர் குறியோ பார்கோடோ இருக்க வேண்டும். அதை ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், தொகுதி எண், தேதிகள் தெரியும். அவை பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். அதற்கும் மேலே, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாத ஓர் உரிமையைத் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய எந்த மருந்தையும் யார் வேண்டுமானாலும் விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். உரிமம் இல்லாமல் மருந்து விற்றால் அதே சட்டத்தில் குறைந்தது மூன்று வருஷச் சிறை. புகாரை உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். பணம் திரும்பப் பெறுவதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டியையும் பில்லையும் டப்பாவையும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.